பரிசலுக்கு மெத்தை

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் முதல் கேள்வி,
சோபாவுக்கா, கட்டிலுக்கா?
பரிசலுக்கு என்றேன்.
கடைப்பையன் இம்ரான் சிரிக்கவில்லை.
எத்தனை பேர் உட்காருவீங்க என்றான்.
உட்காருவது எங்கே!
பதினோரு வருஷமாய் மண்டிபோடுகிறோம்
நானும் மாதையனும், ஆளுக்கொரு பக்கம்,
முதுகுக்கு முதுகு,
சாமி இல்லாத இடத்தில்.

கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் காட்டினான்.
மஞ்சள் பஞ்சு சட்டென்று உள்வாங்கி
மெல்ல எழுந்தது, பிள்ளை பெற்றவள் வயிறுபோல.
வெள்ளை இன்னும் சொகுசு, விலையும்தான்.
கீழே போடு தம்பி என்று
புடவையை இடுக்கிக்கொண்டு
நடுக்கடையில் முட்டி போட்டேன்.
மஞ்சளுக்கு அடியில் தரைக்கல் தெரிந்தது.
பஞ்சு தோற்ற இடம்
முட்டிக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்.
மஞ்சள் துண்டு மடக்மடக்கென்று குடித்தது,
பிழிந்தால் அரைச் சொம்பு.
விடிய விடிய இதையும் சேர்த்தா வலிப்பார் மனுஷன்?
கறுப்பு, செருப்புக்கு அடி வெட்டுகிற ரகம்,
முக்கினால் எகிறி மேலே வந்தது.
உதறினால் உலர்ந்தது.
அமுக்கினால் கொஞ்சம் முறைத்தது.
அது போதும் எனக்கு.
முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும்
நூற்றுப்பத்து ரூபாய் வித்தியாசம்.
இடது முட்டியைக் கேட்டேன்,
ஒரு இஞ்ச் என்றது.
வெட்டின பீஸ் ரிட்டன் கிடையாதுக்கா
என்று சொல்லிச் சுருட்டித் தந்தான்.

மேட்டூரில் மாறிய டவுன் பஸ்ஸில்
எனக்கு டிக்கெட் இல்லை,
சுருளுக்கு உண்டு.

பண்ணவாடிக் கரையில் பரிசலை மல்லாத்தி
இரண்டு நாள் வெயில் காட்டினோம்.
இரண்டு நாள் மீன் இல்லை, கடைக்காரப் பாக்கி நின்றது.
ஈரத்தின் மேல் பசை ஒட்டாது என்று
எத்தனை தடவை சொன்னான் இம்ரான்.
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
பழைய செதிள், பழைய வாடை,
எந்த ஆடியில் இழுத்த கெளுத்தியோ.
நடுவில் ஆணி, ஆணியில் நூல், நூல்முனையில் கரி.
வட்டம் போட்டு வெட்டிப் போட்டால்
ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.
தண்ணி வற்றின வருஷம்
மேலே வந்த நந்தியின் முதுகில் மோதிய சொட்டை.
பரிசல் வட்டமில்லை என்பதை
நாங்களே மறந்திருந்தோம்.
ஈரச் செய்தித்தாளை அழுத்தி அச்செடுத்து
மறுபடி வெட்டினேன்.

முதல் ராத்திரி. முட்டிக்குச் சொர்க்கம்.
தூக்குவாளி முனகவில்லை,
ஜிலேபி துள்ளியும் சத்தமில்லை.
நடு அணையில் வலை எதிலோ மாட்டியது.
நாங்கள் தண்ணீரில் பேசுவதில்லை,
பேச்சு போய்ப் பக்கத்துப் பரிசலுக்கு
மீன் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடும்.
தரையைத் தட்டுவதுதான்:
ஒன்று, நிறுத்து. இரண்டு, வலி.
மூன்று, மாட்டிக்கொண்டது.
மூன்று தட்டினேன்.
பஞ்சு வாங்கி வைத்துக்கொண்டது.
மறுபடி மூன்று.
மாதையன் பாட்டுக்குத் துடுப்புப் போட
பதினைந்து முழம் வலை கிழிந்து போனது.

காலையில் கத்தியைச் சுட வைத்து
என் பக்கம் ஒன்று, அவர் பக்கம் ஒன்று,
உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தேன்.
உள்ளே பழைய தரை,
கை வைத்தால் சில்லென்று.
எடுத்த துண்டில் ஒன்று தூக்குவாளிக்கு அடியில் இருக்கிறது,
இன்னொன்றை நாய் தூக்கிப் போனது.

நேற்று, நிலா இறங்கின பிறகு,
அவர் பக்கமிருந்து நாலு தட்டு.
நாலுக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.
வலையை விட்டுக்கொண்டே
நானும் நாலு தட்டினேன்.