நதி விட்டுவைத்த இடம்

யாகுட்ஸ்க், பிப்ரவரி. வெளியே மைனஸ் நாற்பத்திரண்டு.
சர்கிலானா காலித் தயிர்க் கிண்ணங்களில்
மண் நிரப்புகிறாள்.
முதலில் குடைமிளகாய்;
முளைக்க அதற்கு மூன்று வாரச் சோம்பல்.
தக்காளி மார்ச் நடுவில்.
வெள்ளரியை ஏப்ரல் கடைசிவரை தொடக்கூடாது.
போன வருடம் தொட்டாள்,
திரைச்சீலையில் ஏறிவிட்டது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்.
பென்சிலில்தான் எழுதுவாள்,
தோட்டம் லேனாவுக்கு அக்கரையில் இருப்பதால்.
ஏப்ரலில் நதிமேல் போகும் சாலையை மூடிவிடுவார்கள்.
மே மாதம் பனிக்கட்டி உடைந்து
வீடு வீடாய் முட்டி மோதிக்கொண்டு போகும்.
படகு வரும்வரை
யாருக்கும் அக்கரை கிடையாது.

தாளில் அந்த இடம் மட்டும் வெள்ளை.
செடிகளுக்கு அதெல்லாம் தெரியாது,
ஜன்னலிலேயே பூத்துவிட்டன.
ஐதால் சின்னத் தூரிகையால்
பூப்பூவாய்த் தொட்டுக்கொண்டே கேட்கிறான்:
தேனீ வேலைக்குச் சம்பளம் உண்டா?

ஜூன் மூன்று. மூன்றாவது படகில்தான் இடம்.
மடியில் பதினாறு தக்காளி,
காலிடுக்கில் வெள்ளரி.
ஜூன் ஆறு, உறைபனி.
வீட்டிலிருந்த கோட்டுகளெல்லாம் பாத்திமேல்.
அப்புறம் சரியாக இருட்டாத இரவுகள்.
தாளில் ஒன்றும் இல்லை,
எழுத யாருக்கு நேரம்?

ஆகஸ்ட் இருபது.
பச்சையாகவே பறித்துக் கொண்டுவந்து
கம்பளிப் பூட்ஸுக்குள் திணித்து
கட்டிலடியில் தள்ளிவிட்டாள்.

அக்டோபரில் ஒரு காலை,
தெரு வெளுத்துக் கிடக்கிறது.
வேலைக்கு நேரமாகிவிட்ட ஐதால்
குனிந்து பார்க்காமல் பூட்ஸில் கால் விடுகிறான்.

சதக்.

சர்கிலானா பென்சிலை எடுத்து
கடைசிக் கட்டத்தில் எழுதுகிறாள்:
பழுத்துவிட்டது.