சொல் வருமுன்

சவுண்ட் சேர்விஸ்காரனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.
கேட்பது இதைத்தான்: "மைக் வேலை செய்யுதோ?"
செய்யும்.
பதினேழு வருஷமாய்ச் செய்கிறது,
மல்லாகம், அளவெட்டி, பண்டத்தரிப்பு,
கலியாணம், செத்தவீடு, இல்ல விளையாட்டுப்போட்டி.

பென் டிரைவில் அது இரண்டு கோப்பாய்க் கிடக்கிறது.
எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.
பேர் போடவில்லை.
சோதனைச்சாவடிக் காலத்தில் பிடித்த பழக்கம்,
எதிலும் பேர் எழுதாமல் விடுவது.
எழுபதாவது, சாமத்தியவீட்டுக்குப் போடுகிற நாதஸ்வரம்.

அளவெட்டியில் ஆய்வுகூடத் திறப்புவிழா.
திங்கள் அதிபர் சொன்னார்: தமிழில் போடுங்கோ.
செவ்வாய் வலயக் கந்தோர் சொன்னது:
கொழும்பிலிருந்து ஆள் வருகுது,
தமிழில் எண்டால் மரியாதைக் குறைவாப் போயிடும்.
யாருக்கு மரியாதை என்று நான் கேட்கவில்லை.
வயர் சுத்திக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளும் சேர்ந்து பாடவேண்டுமாம்.
சங்கீத ரீச்சர் ஞானசௌந்தரி
கலண்டர்த்தாளின் பின்பக்கத்தில்
சிங்களத்தைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தா.
ஓரிடத்தில்
ஆவுக்கும் ஏக்கும் நடுவே ஒரு சத்தம் வரும்.
அதற்கு எங்களிடம் எழுத்தில்லை.
அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தா.
நட்சத்திரம் வந்ததும்
நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாதிரி வாய் திறந்தார்கள்.
துவாரகி மட்டும் வாயை மூடிக்கொண்டு
தாண்டி வந்தாள்,
மழைத்தண்ணி நின்ற குழியைத் தாண்டுவது போல.
"கருத்து என்ன ரீச்சர்?"
"தமிழில இருக்கிற அதேதான்."
"அப்ப ஏன் ரீச்சர்..."
சுருதிப்பெட்டியைச் சத்தமாய் வைத்தா.

வெள்ளி, பத்து மணி, நல்ல நேரம்.
கதிரைகளுக்கு வெள்ளை உறை,
பந்தல் முழுக்க சாம்பிராணியும் டீசலும் மணக்கிறது.
"அனைவரும் எழுந்து நிற்கவும்" என்றார்கள்.
அழுத்தினேன்.

முதல் ஏழு விநாடி வாத்தியம் மட்டும்.
இரண்டிலும் ஒரே வாத்தியம்.
எந்தக் கோப்பு என்று
அந்த ஏழு விநாடியில் கடவுளுக்கும் தெரியாது.
கொழும்பு ஆள் நேராய் நின்றார்.
அதிபர் நேராய் நின்றார்.
கேற்றடியில் நின்ற கோப்ரல்
தேத்தண்ணிக் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு
குதிக்கால் சேர்த்தான்.
என் காலும் சேர்ந்தே நின்றது.
வேறு பாட்டுக்கும் எழும்பி நின்ற கால்தான்,
அதற்கு ஏழு விநாடிகூடத் தேவைப்படாது.

பிறகு சொல் வந்தது.
தமிழ்.

பழகிவந்த பிள்ளைகள் முதல் அடியைப்
பழகியபடியே எடுத்து,
பாதியில் வெட்டித் திரும்பினார்கள்,
சந்தி தவறிய மினிபஸ் போல.
கொழும்பு ஆளின் கழுத்து சற்று அசைந்தது.
ஆனால் உட்காரவில்லை.
எழும்பியவன் எப்படி உட்காருவது?
கோப்ரலின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன,
அவனுடைய சொல்லில்.
மெட்டு அவனையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போனது.
நட்சத்திரம் போட்ட இடத்தை
அவன் மட்டும் சரியாய்ச் சொல்லியிருப்பான்.

வெளியே வானுக்குள்
சிவஞானரூபன் இருந்தபடியே இருந்தான்.
எனக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிறவன்.
எழுபத்தொன்றுக்கும் எழும்பமாட்டான்,
எழுபத்திரண்டுக்கும் எழும்பமாட்டான்.
மகனைப் பற்றி அவன் எழுதிக் கொடுத்த கடிதங்கள்
இரண்டு பாஷையிலும் போயிருக்கின்றன.
அவனை மரியாதை தெரியாதவன் என்று
ஒருவரும் சொன்னதில்லை.
அவன் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை.

விரல் தவறிப்போச்சு சேர் என்றேன்.
வலயக் கந்தோர்க்காரர் வியர்வை துடைத்தார்.
எந்தப் பக்கம் தவறியது என்று கேட்கவில்லை.
ஞானசௌந்தரி ரீச்சர்
கலண்டர்த்தாளை நாலாய் மடித்து
கைப்பைக்குள் வைத்தா.
எறியவில்லை. அடுத்த விழாவுக்கு வேண்டிவரும்.

பில்லில் ஆயிரத்தைந்நூறு குறைத்திருந்தார்கள்.
என்னத்துக்கு என்று எழுதவில்லை.
அவர்களும் பேர் போடுவதில்லை.

பின்னேரம் மானிப்பாயில் ஒரு சாமத்தியவீடு.
எழுபதை எடுத்து வைத்தேன்.
பக்கத்தில் மற்ற இரண்டும் கிடந்தன,
ஒரே நீளம்,
ஒரே தொடக்கம்.