குடை நிழல்

எழும்பூர். மியூசியத்தின் பின்கட்டு, ஏ.சி. ஓடாத மதியம்.
மேசைமேல் ஒரு மலைச்சரிவு ஊர்,
பென்சிலும் பழுப்பு மையும், 1847.
பின்பக்கம் 'பல்லாவரம் அருகே' என்று மட்டும்.

ஹமீதா பல்லாவரத்துக்காரி.
லென்ஸ் வைத்ததும் சிரித்துவிட்டாள்:
"எங்க மலை இவ்ளோ ஒசரமா?
துரை அவன் ஊரு மலையக் கொண்டாந்து வெச்சிருக்கான்."

உண்மைதான். கூரைக்குக் கூரை புகை வேறு.
மரத்து நிழல் அடியிலேயே சுருண்ட உச்சிவெயிலில்
எல்லா அடுப்புமா எரியும்?
குடத்தோடு ஏறுகிறவளுக்கு முகம் இல்லை.
ஆட்டுக்கு இருக்கிறது, தாடியோடு.

கீழே வலது மூலையில் ஒரு கறை.
டீயாக இருக்கும் என்று ரப்பரை எடுத்தேன்.

கறை இல்லை, கோடுகள்.
நெருக்கி நெருக்கி, அரைவட்டமாய்,
விளிம்பு மட்டும் ஓலை நறுக்காய்ப் பல் பல்லாக.

தாழங்குடை.

ஒரு கையில் பலகை, ஒரு கையில் பென்சில்.
அப்போ குடையை?

ஹமீதா சிரிப்பை விட்டுத்
தன் தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.

பதிவேட்டில் 'சேதம்' கட்டத்தில்
யாரோ எப்போதோ எழுதிய 'மூலையில் கறை'யை அடித்தேன்.
பக்கத்தில் எழுதினேன்:
ஆள் ஒருவர். படத்துக்கு வெளியே.
இன்னும் நிற்கிறார்.