தாய்மாமன் சீர்

மண்டபத்தில் கடலோரக் காவல் தேர்வு.
புள்ளிப் புத்தகத்தைக் காட்டி
என்ன எண் என்றார்களாம்.
கிளாட்வினுக்கு வெறும் புள்ளிகள்.

"எங்க வம்சத்துல கண்ணுக்குக் குறையில்ல"
என்றார் அப்பா.
வாஸ்தவம்.
அந்தச் சோடியில் மகனுக்கு அவர் தந்தது ஒய்தான்.

பாம்பன் பாலத்துச் சிவப்பு விளக்கை
எல்லோருக்கும் முந்திப் பார்க்கிற அம்மாவிடம்
எக்ஸ் இரண்டு.
ஒன்று பார்க்கும்;
மற்றது டிக்கெட் இல்லாமல் கூடவே வரும்.
அவள் தம்பி ரெமிஜியுஸ்
குண்டுமிளகாய்க் காட்டில்
காயையும் பழத்தையும் ஒன்றாய்ப் பறித்துக்
கூலி இழந்தவர்.

என்னிடம் எது இறங்கியதோ,
பாதிக்குப் பாதி.
வயிற்றில் இருப்பது மகனென்றால்
அதிலும் பாதி.

நேற்று வளைகாப்பு.
சிவப்பு வளையல் என்று
மாமா ஆசையாய் அடுக்கி வந்தது
முழுக்கப் பச்சை.

இரண்டு கையும் நீட்டினேன்.