தீர்மானம் எண் ஏழு

கமிட்டி ஏழரைக்குக் கூடியது.
ஆரம்ப ஜெபம் ஆயர் கிதியோன்.
குறிப்பேடு எழுதியது நான்,
செக்கிங் மேசையில் பன்னிரண்டு மணி நேரம்
நின்றுவிட்டு வந்த கால்களோடு.

முதல் ஆறும் உள்ளூர்ச் சமாச்சாரம்.
கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர்,
ஜெனரேட்டருக்கு டீசல் பாக்கி,
ஆராதனைக்கு நடுவே அலறும் செல்போன்கள்.
ஏழாவது கடல் தாண்டியது.

இரண்டு நாடுகள்.
அவற்றின் பெயர் எங்களில் ஒருவர் நாக்கிலும் படியவில்லை.
பேராயத்துக் கடிதத்தை ஐயா வாசித்தார்:
எல்லையில் ஒரு பாலம்.
அங்கிருக்கும் சபை அதன் நடுவில் நாற்காலி போட்டு
இரு பக்கத்து ஆட்களையும் உட்கார வைத்துப் பேசுகிறது.
நாமும் போர்நிறுத்தம் கேட்டு
இரண்டு தூதரகத்துக்கும் எழுத வேண்டும்,
பாலத்துச் சபைக்கு ஒரு நகல்.

"நம்ம காயிதத்தப் படிச்சுப்போட்டு
பீரங்கிய நிறுத்தப் போறானுங்களாக்கும்?"
பொருளாளர் யோபு சென்னியப்பன்.
சிரித்தோம். நானும்தான்.

"சண்டை நின்னாக் கப்பல் வாடகை இறங்குமுங்க, எழுதுங்க"
என்றார் டையிங் வைத்திருக்கும் லேவி அண்ணன்.
அவருடைய இரண்டு கன்டெய்னர்
மூன்று வாரமாகத் தூத்துக்குடியில் வெயில் காய்கின்றன.
வாடகை, நூல் விலை, டாலர் விலை.
சமாதானத்துக்குத் திருப்பூரில் இத்தனை காரணம் உண்டு.
அதையும் சேர்க்கவா என்றேன்.
ஐயா வேண்டாமென்று கையசைத்தார்.

சீமோன் முதலாளி மட்டும் வாய் திறக்கவில்லை.
கோயிலுக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தவர்.
என் மகனுக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டியவர்.
அவர் கம்பெனியில்தான் எனக்குச் செக்கிங்.

பத்து நாளாய் என் மேசைக்கு வருகிறது
ஆலிவ் பச்சையில் வட்டக்கழுத்து பனியன்,
நாற்பதாயிரம் பீஸ்.
கழுத்துப் பட்டியில் புரியாத எழுத்து,
அடியில் பொடியாக எங்கள் ஊர்.
போனைக் காட்டி அர்த்தம் பார்த்தேன்.
அந்த இரண்டில் ஒரு நாட்டின் தரைப்படை.
மீடியம் சைஸ்.

என் மகன் போடுவதும் மீடியம்தான்.

எண்ணெய்க் கறை, பிசிறு, ஊசித்துளை
இருந்தால் கழித்துவிட வேண்டும்.
ஓட்டை விழுந்ததெல்லாம் செகண்ட்ஸ்,
காதர்பேட்டையில் எடைக்குப் போகும்.
மார்பில் ஓட்டை இல்லாததாகப் பார்த்துத்தான்
அனுப்பி வைக்கிறேன்.

"ஏனுங் மொதலாளி, நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே?"
ஐயா கேட்டார்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.
"நானே முன்மொழியறேனுங்க."
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மெதுவில் சொன்னார்.
வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.
என் கை மேலே இருப்பதை
மற்றவர்கள் பார்த்த பிறகுதான் நான் பார்த்தேன்.

பதிவுத் தபால் மூன்று.
ரசீதுகளை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு தூதரகம் அச்சடித்த நன்றி அனுப்பியது.
மற்றது ஒன்றும் அனுப்பவில்லை.
ஏழு வாரம் கழித்துப் பாலத்திலிருந்து நாலு வரி.
உங்கள் கடிதத்தை இரு பக்கத்தாருக்கும் வாசித்தோம்.
அன்றைக்கு நாற்பது நிமிஷம் கூடுதலாகப் பேசினார்கள்.
வியாழக்கிழமை மறுபடி சுட்டுக்கொண்டார்கள்.
திருப்பூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்,
எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

யாராவது ஒருவன்
சட்டைக்குள் கைவிட்டு
பிடரியில் உறுத்தும் பட்டியைத் திருப்பியிருக்கலாம்.

ஆர்டர் அதற்குள் முடிந்திருந்தது.
ரிப்பீட் வந்ததா என்று நான் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஐயா
இரண்டு நாட்டுப் பெயரையும் தப்பாகச் சொல்லியே ஜெபித்தார்.
முன்வரிசையில் முதலாளி
மற்றவர்கள் எழுந்த பிறகும் முழங்காலில் இருந்தார்.
முட்டியில் வலி என்று சொன்னார்கள்.

அடுத்த கூட்டம் பதினாலாம் தேதி.
டீசல் பாக்கி அப்படியே நிற்கிறது.
பாலத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பை
என்னிடம் விட்டிருக்கிறார்கள்.
ஊர் எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.