அடிவயிறு

ஒஸ்டர்சுண்டில் ஜனவரி.
மூன்று மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது.
ஏரி உறைந்து கிடக்கிறது.
சமையலறை மேசையில் ஒரு விக்கன் போர் விமானம்,
இன்னும் மூக்கில்லாமல்.

பகலில் நான் பல் கட்டுகிறவன்.
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு
மேடுபள்ளம் செதுக்கும் அதே ஊசிதான்
இரவில் இறக்கைத் தகடுகளின் கோடுகளை
இன்னும் கொஞ்சம் ஆழமாக்குகிறது.
உன் விமானத்தில் ஏறினால்
வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள் என்பாள் யில்வா.

நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
இந்த அளவில்
ஓர் ஆள் தீக்குச்சியைவிடக் குட்டை.
உதிர்ந்த என் தலைமுடி
துணி காயப்போடும் கொடிக்கயிறு.
பெயின்ட் காயுமுன் விரல் பட்டுவிட்டால்
ரேகை அல்ல அது,
உழுது போட்ட நிலம்.

இருக்கையின் கைப்பிடி, அரைக் கடுகு,
இடுக்கியிலிருந்து தெறித்துப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.
டார்ச்சும் முழங்காலுமாகக் கம்பளம் முழுக்கத் தேடினேன்.
மறுநாள் வேலையில் காலுறைக்குள் உறுத்தியது.

பிறகு வண்ணம்.
வயலும் புல்வெளியும் என்றுதான் அதற்குப் பெயர்.
இரண்டு பச்சை, ஒரு மண்நிறம், ஒரு கருமை;
உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போல
ஒன்றின் முனை இன்னொன்றில் குத்தி நிற்கும்.
நாடா ஒட்டி, வெட்டி, தெளித்து, உரித்து
பதினோரு மாலைகள்.
மேலிருந்து பார்க்கிறவனுக்குக் காடு மட்டும் தெரிய வேண்டும்.
மேலிருந்து யாரும் வரவில்லை.
ஒரு போரிலும் சுடாமல்
ஓய்வு பெற்றுவிட்டது இது.

ஆனால் எனக்கு இதன் முதுகு தெரியாது.

பத்தொன்பது வயது. கட்டாயச் சேவை.
இருபுறமும் ஊசியிலைக் காடு, நடுவில் தார்ச்சாலை,
லாரிகள் போக வேண்டிய இடத்தில்
இடியைத் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கும்.
நிற்கும். பின்பக்கமாகத் தானே நகரும்.
பத்து நிமிடம்.
எரிபொருள் குழாய், குண்டு, ஏவுகணை,
விலகு, விலகு என்ற கூச்சல்.
போய்விடும்.
விமானியின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
ஒரே ஒருமுறை, ஒரு கையுறை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிவயிறு.
இடது சக்கரக் குழிக்குப் பின்னால்
எப்போதும் ஒழுகிய எண்ணெய்.
கழித்தல் இருபத்திரண்டு டிகிரியில்
அது என் சட்டைக்கைக்குள் இறங்கி
முழங்கை வரை போனது.
அந்தச் சாலையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.
கையை உடனே எடுக்கவில்லை நான்.

அந்தக் கறையைப் பூச
முப்பது இரவுகள் ஆனது என்றால் நம்புவீர்களா.
பழுப்பு, அதன்மேல் மெல்லிய தேன்நிறம்,
துடைத்து, மறுபடி பழுப்பு.

மார்ச்சில் சுண்ட்ஸ்வாலில் போட்டி,
ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில்.
நடுவர் ஃபோல்கெ, சட்டைப்பையிலிருந்து
எங்கள் கடையில் விற்கும் அதே வாய்க்கண்ணாடியை எடுத்து
இறக்கைக்கு அடியில் நீட்டினார்.
கடைவாயில் சொத்தை தேடுகிறவர் போல
வெகுநேரம் பார்த்தார். எழுதினார்:
கீழ்ப்பக்கம், அழுக்கு மிகை.
நிஜத்தில் இப்படி ஒழுகாது.
இரண்டு மதிப்பெண் குறைவு.

வாய் திறந்தேன்.
என்ன சொல்வது,
முழங்கையை மடித்துக் காட்டுவதா?

ரயிலில் மடியில் கேக் டப்பா.
பிரெக்கே தாண்டித் திறந்து பார்த்தால்
மூக்கின் முனைக்கம்பி முறிந்திருந்தது.
பரவாயில்லை, திங்களன்று
ஊசி மருந்துக் குழாயின் நுனி ஒன்று கிடைக்கும்.

யில்வா பரிசு பற்றிக் கேட்கவில்லை.
இரண்டு விரலால் தூக்கி, திருப்பி,
விளக்கடியில் பிடித்து,
இங்கே என்ன, ஒழுகுகிறதா? என்றாள்.

ஆமாம், என்றேன்.
இடது பக்கம் மட்டும்.