ஈயம்

தண்ணீர்க் குழாயின் சாவி என்னிடம்தான்.
மணியடிப்பவன், விளக்கு மாற்றுபவன்,
பனி உறைந்தால் படியில் உப்புத் தூவுபவன்.
தோட்டம் என் வேலை இல்லையென்று
மார்ச்சிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் வந்துவிட்டது நாலாம் வகுப்பு,
இருபத்துமூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ்.
சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலம்.
கயிறு கட்டி அளந்தார்கள்.
கயிறு என்னுடையது. திரும்பி வரவில்லை.

கொர்னேலியா கேரட் என்றாள்.
டிமெக் முள்ளங்கி என்றான், சீக்கிரம் விளையுமாம்,
பொறுமைக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
போக்னா ஒன்றும் சொல்லாமல்
ஒரு மண்புழுவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
கணக்கு வகுப்புக்குப் போனாள்.

விதைக்குமுன் சோதனை என்றார் பியெஹோட்டா டீச்சர்.
பத்து இடத்தில் பத்துக் கரண்டி மண்.
(சமையலறைக் கரண்டி.
சமையல்காரி இன்னும் என் முகம் பார்ப்பதில்லை.)
ஜாம் பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி,
பெருநகரத்து ஆய்வகத்துக்கு.

மூன்று வாரத்தில் ஒரு காகிதம் வந்தது.
ஈயம்: ஓர் எண்.
அதன் பக்கத்தில், இருந்திருக்க வேண்டிய எண்.
நாலாம் வகுப்புக்குக் கழித்தல் தெரியும்.

யாரும் அழவில்லை.
டிமெக் மட்டும் மண்ணை உதைத்தான்,
அது தன்னிடம் பொய் சொன்னதுபோல.
அப்புறம் நேரே என்னிடம் வந்தான்:
"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

பத்தொன்பது வருடம்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், துத்தநாக ஆலை,
மூன்றாம் உலை. கரி தள்ளியது இந்தக் கை.
ஷிப்டுக்கு அரை லிட்டர் பால் தருவார்கள்,
குடித்தால் ஈயம் உடம்பில் ஒட்டாதாம்.
குடித்தோம்.
சிலேசியாவின் காற்று புகையை வாங்கி
ஊர் முழுக்கப் பங்கு வைத்தது.
மண்ணுக்கு மட்டும்
யாரும் பால் ஊற்றவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே இரண்டும் ஒரே கொட்டகையில்
சாவிக்கொத்தோடு நிற்கின்றன.

"புகைபோக்கியிலிருந்து" என்றேன்.
அவன் திரும்பிப் பார்த்தான்.
அங்கே இப்போது சூப்பர் மார்க்கெட், கார்கள்.
"எந்தப் புகைபோக்கி?"
சொன்னேன். உலை, கரி, பால், எல்லாம்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்போ நீங்கதான் தோண்டணும்."

தோண்டக் கூடாது என்றார் டீச்சர்.
கிளறினால் தூசி பறக்கும்,
புல் விதைத்து மூடிவைப்பதே நல்லதாம்.
அதனால் ஆணி அடித்தேன்.
பழைய மரத்தட்டுகளில் ஆறு பெட்டி,
அடியில் கெட்டித் துணி,
மூட்டை மூட்டையாக வாங்கிய அந்நிய மண்.

புல்தரைக்கு ஒரு பலகை எழுதினார்கள்:
இங்கே எதையும் தின்னாதே.
கொர்னேலியா கேரட் வரைந்து குறுக்கே கோடு போட்டாள்.
கேரட் சிரித்துக்கொண்டிருந்தது.

மண்புழுவை எந்தப் பக்கம் விடுவது?
ஓட்டெடுப்பு. பெட்டிக்குப் பன்னிரண்டு,
பழைய மண்ணுக்குப் பதினொன்று.
போக்னா முடிவைக் கேட்கக் காத்திருக்கவில்லை,
எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.
"அதுக்கு வீடு அதுதானே."

ஜூலையில் பள்ளி பூட்டிக் கிடக்கிறது.
காலையில் குழாயைத் திறக்கிறேன்.
பெட்டிகளுக்கு முதலில்.
பிறகு, யாரும் சொல்லாமல்,
புல்லுக்கும் கொஞ்சம்.

நேற்றுத்தான் கயிறு கண்ணில் பட்டது.
நான்காம் பெட்டியில், இரண்டு குச்சிக்கு நடுவே.
அவிழ்க்கலாமென்று குனிந்தேன்.
பீன்ஸ் கொடி
மூன்று சுற்றுச் சுற்றி
மேலே போய்விட்டிருந்தது.